மாற்றுச் சொல்

நாற்பத்து மூன்று கடிதங்கள்.
நாலு மணிக்குள் வேண்டும் என்றார் மிஸ்டர் ஊய்.
முதல் வரைவைப் படித்துவிட்டு
'டெர்மினேட்' மேல் பேனா முனையால் தட்டினார்.
"இது ரொம்பக் கடுமை, தமயந்தி.
கொஞ்சம் அன்பான சொல்லாகப் பார்."

பார்த்தேன்.
பாயான் லெப்பாஸ், மூன்றாம் மாடி.
ஏர்கோன் குளிரில் விறைத்த விரல்களால்
ஒரே பொருள் தரும் சொற்கள்
பங்காளிகள் போல முறைத்துக்கொண்டிருக்கும்
பக்கத்தைத் திறந்தேன்.

'ரிட்ரெஞ்ச்' என்றால் சுருக்குதல்.
அதன் வயிற்றில் ஒரு 'ட்ரெஞ்ச்' கிடக்கிறது,
போர்க்காலத்துப் பதுங்குகுழி.
யார் வெட்டுவது, யார் படுப்பது
என்று அகராதி சொல்லவில்லை.

'ரிலீஸ்.'
தீபாவளிக்குப் படம் ரிலீஸ் ஆகும்.
வெசாக் நாளில் கூண்டைத் திறந்து
குருவிகளை ரிலீஸ் பண்ணுவார்கள்.
பத்தொன்பது வருஷம் சிப்புக்குக் கால் ஒட்டிய கையை
எந்தக் கூண்டிலிருந்து திறந்துவிடுகிறோம்?

'லெட் கோ', பிடியை விடுதல்.
அப்படியென்றால்
இத்தனை நாளும் பிடித்திருந்தோமா?

'ரைட்சைஸிங்' தையல் கடைப் பேச்சு.
ஜாக்கெட் கை லூசாக இருக்கிறது,
கொஞ்சம் பிடித்துத் தையுங்கள்.
கம்பெனி இளைத்துவிட்டது,
நாற்பத்து மூன்று பேர்
அதன் உடம்பில் தொளதொளவென்று தொங்குகிறார்கள்.

'ரிடன்டன்ட்' வந்ததும் தமிழுக்குத் தாவினேன்.
உபரி. மிகை. கூறியது கூறல்.
கூறியது கூறல்!
ஐந்தாம் படிவ இலக்கியப் பாடத்துக்காக
மனனம் செய்த பத்துக் குற்றங்களில் ஒன்று.
வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன்.
கடைசியில் வந்து நின்றது
நின்று பயனின்மை.

நின்றவர்கள்தாம்.
பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்,
லைனில் நாற்காலி கிடையாது.

மிஸ்டர் ஊய்க்குக் கடைசியில் பிடித்தது
'டிரான்சிஷன்.'
மாறுதல், கடத்தல், ஒரு கரையிலிருந்து மறு கரை.
"பார், எவ்வளவு மென்மை" என்றார்.
உண்மையில் மென்மைதான்.
பிரிண்டரும் சத்தமில்லாமல் தள்ளியது.

முதலில் வந்தது சிவபாக்கியம்.
நிபோங் திபால் பஸ்ஸில்
தினமும் பாலம் தாண்டி வருகிறவள்.
இங்கிலீஷ் தெரியாதவள் இல்லை,
மெஷின் காட்டுகிற எரர் எல்லாம் அத்துப்படி.
கடிதத்தை இரண்டு தரம் படித்தாள்.
திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"இதுல எந்த வார்த்தைம்மா
எனக்கு வேலை இல்லேன்னு சொல்லுது?"

வரிவரியாக விரல் வைத்துத் தேடினேன்.
நன்றி மூன்று இடத்தில் இருந்தது.
வாழ்த்து இருந்தது.
எதிர்காலம்கூட இருந்தது, இரண்டு முறை.
அவள் கேட்டது மட்டும் இல்லை.
காலையிலிருந்து
நான்தான் அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சீட்டக் கிழிச்சிட்டாங்கக்கா."

"ஆங்" என்றாள்.
அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

பின்னால் நின்ற ரொஹானா
எங்கள் முகத்தைப் பார்த்து, "புவாங்?" என்றாள்.
குப்பைக்கும் அதே சொல்தான்.
வரிசையின் வாலில் ஹொக்கியனில் யாரோ
ஒரே ஒரு சொல் சொன்னார்கள்.
எனக்கு ஹொக்கியன் தெரியாது.
புரிந்தது.

பெர்கேசோ பாரத்தில்
வேலை இழந்த காரணத்துக்கு ஒரு கட்டம்,
தீப்பெட்டி அகலம்.
சிவபாக்கியம் என் பேனாவை வாங்கிக்கொண்டாள்.
"அவங்க போட்ட வார்த்தையையே போடுறேன்.
எழுத்தெழுத்தாச் சொல்லு."

சொன்னேன். பத்து எழுத்து.
கட்டத்துக்குள் ஏழு அடங்கியது.
மீதி மூன்றும்
கோட்டுக்கு வெளியே நின்றன.

"இது செல்லுமா?" என்றாள்.
செல்லும் என்றேன்.
அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.